தென்வடல்

பத்திரத்தில் இருப்பது இப்படி:
கிழமேல் முந்நூற்றுப் பத்து அடி,
தென்வடல் இருநூற்று நாற்பது.
வடக்கே வாய்க்கால், தெற்கே பெண்கள் விடுதிச் சுவர்,
மேற்கே ஒத்தக்கடைக்குப் போகும் பாதை,
கிழக்கே
யாருக்கும் பாத்தியப்படாமல் படுத்திருக்கும் யானைமலை.

இடம் நீண்டிருந்த பக்கமே
அரங்கத்தையும் நீட்டிப் படுக்கவைத்தேன்.
சுலபம் அதுதான்.
மிச்சத்தில் நாற்பது கார் நிற்கும்.

தாளாளர் பார்த்தார்.
"ஆயிரங்கால் மண்டபம் இருக்கிற ஊரும்மா இது.
நமக்கு நடுவுல ஒரு கால்கூட வரக் கூடாது."
வராது என்றேன்.
எண்பது அடி உத்திரம் எப்படி நிற்கும் என்று
ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டவள் நான்.
"முகப்புல ஒரு கோபுரம்" என்றார் அடுத்து.
ஏசிக்குக் காசில்லை,
நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும் என்றார்.
பெண்கள் உடை மாற்றும் அறைக்கும் காசில்லை.
கோபுரத்துக்கு இருந்தது.

பங்குனி. சாயங்காலம் ஐந்தேகால்.
வெளிச்சம் அளக்கப் போனேன்.
பழைய சிமெண்ட் தளத்தில் ஆறு பெண்கள்,
வலையில்லாத வளையம்,
துரு தெறிக்கும் பலகை.
மேற்கு வளையத்துக்குப் பின்னாலேயே வந்து நின்றது சூரியன்,
காவலுக்கு நிற்பவனைப்போல.
திறந்த கூரைக்கடியில் புகுந்து
இப்படித்தான் நிற்கும் நாளைக்கும்.

ஒச்சம்மாள் எறிந்தாள்.
விழுந்தது.
மறுபடி எறிந்தாள். விழுந்தது.
கண் கூசலையா என்று கேட்டேன்.
"மூடிக்கிட்டுத்தான் போடுவேன்.
ரிங்கு எங்கயும் போயிறாதுல்ல."

அப்போ வெளியூர்க்காரங்க?

"அவங்களுக்குத்தான் கூசும்" என்று சிரித்தாள்.
கோச் ஜெசிந்தா அருகில் வந்து
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"போன வருசம் திருச்சி டீமை
இந்த வெயிலை வச்சுத்தான் கவுத்தோம்.
நீங்க பாட்டுக்குத் திருப்பிப்புடாதீங்க."

திருப்பினேன்.
அன்றிரவே, தென்வடலாக.
பைபாஸ் ரோட்டு அலுவலகத்தில்
கரண்ட் போய், வந்து, மறுபடி போவதற்குள்.
நாற்பது கார் ஒன்பதாயிற்று.
ஒச்சம்மாளின் கையிலிருந்து
ஒரு சூரியனைப் பிடுங்கிக்கொண்டேன்.
நியாயம்தான்.
நியாயம் என்று சொல்லிக்கொண்டே
ஏன் திருடியவள்போல இருந்தேன் என்று
இன்னும் தெரியவில்லை.

பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும்.
கோபுரத்தில் இரண்டு நிலை குறைத்தேன்.
பணம் ஒரு அறையாயிற்று:
உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை,
ஆளுயரத்துக்கு மேலே ஜன்னல்,
ஆறு குழாய், ஒரு நீள பெஞ்சு.
படத்தில் அதற்கு "பொருள் வைப்பறை 2" என்று பெயர்.
பொருள் வைப்பறையை யாரும் வெட்டுவதில்லை.

வெட்டுமுகப் படம் என்றால்
அளவு தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டும்.
கணினியில் இருப்பது கோட்டுப் போட்ட ஒருவர்,
கையில் பெட்டி.
எத்தனை கட்டடத்தில் நின்றிருக்கிறார் பாவம்,
ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மேலூர்ச் சந்தைக் கழிவறை.
அவரை அனுப்பிவிட்டு
ஐந்தடி நாலங்குலத்தில் ஒருத்தியை வரைந்தேன்.
பின்னால் எகிறும் சடை,
விரல் நுனியை விட்டுப் பந்து
அப்போதுதான் பிரிந்திருக்கிறது.

தாளாளர் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.
கவனித்தவர் மேஸ்திரி மொக்கராஜ்.
கரணையை இடுப்பில் செருகிக்கொண்டு
படத்தைச் செங்கல் அடுக்கின்மேல் விரித்து
வெகுநேரம் பார்த்தார்.
"எல்லாம் சரியா இருக்கு மேடம்.
இந்தப் புள்ளை மட்டும்
காலு தரையில பாவலையே.
பேய்க்குத்தான் பாவாதும்பாக. திருத்திருங்க."

தரைக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே
ஒன்றரை அங்குல வெள்ளைத் தாள்.
அதை அளந்துதான் விட்டிருந்தேன்.

பாவாதுண்ணே, என்றேன்.
அவர் தலையைச் சொறிந்துகொண்டு
சுண்ணாம்புக் கயிறு பிடிக்கப் போனார்,
தெற்கிலிருந்து வடக்காக.